பதினெட்டாவது விதி

கால்பந்தாட்டத்துக்கு உலகம் முழுவதும் பதினேழு விதிகள். சென்னீர்குப்பம் ஞாயிற்றுக்கிழமை லீக்கில் மட்டும் பதினெட்டு. அந்தப் பதினெட்டாவது விதி ஒரே ஒரு மனிதருக்காக எழுதப்பட்டது. எழுதப்பட்டபோது அவர் ஆட்டக்காரராகக்கூட இல்லை. விதி இதுதான்: "மைக்கில் பேசுபவர் பந்து போகிற திசையைச் சொல்லலாம், போகவேண்டிய திசையைச் சொல்லக் கூடாது. மீறினால் ஆட்டக்காரருக்கு உண்டான அட்டை அவருக்கும் உண்டு."

அந்த மனிதர் ஆன்சன். ஆவடிக்காரர், வயது நாற்பத்தொன்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் அணிக்குப் பதினோரு வருஷம் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கக் காவல், ஆடியவர். அந்தப் பதினோரு வருஷத்தில் அவர் அடித்த கோல் இரண்டு. அதில் ஒன்று எதிரணிக்கு எதிராக.

பந்தை அவர் கால் தொட்ட நேரத்தையெல்லாம் சேர்த்தால் ஒரு டீ ஆறுகிற நேரம் தேறாது என்று உடன் ஆடியவர்கள் சொல்வார்கள். பேசிய நேரத்தைச் சேர்க்க யாரும் துணியவில்லை. "வலது பக்கம் பார், பின்னால் பார், நீ ஏன் அங்கே நிற்கிறாய், அவன் ஏன் அங்கே நிற்கவில்லை" என்று தொண்ணூறு நிமிஷமும் ஓயாது. பக்கத்தில் நின்றவர்கள் யாரும் அதைக் கேட்டு நடந்ததாகத் தகவல் இல்லை. அவர் வாங்கிய மஞ்சள் அட்டைகள் இருபத்துமூன்று. இரண்டைத் தவிர மற்றதெல்லாம் வாயால் வாங்கியவை. ஆனால் சிவப்பு அட்டை ஒன்றுகூடக் கிடையாது. காரணம் அவருடைய கொள்கை. "அட்டை பாக்கெட்ல கீற வரைக்கும் பேசலாம் நைனா. வெளிய வந்துட்ச்சுனா பேசக் கூடாது. அப்பால அது அட்டை."

முப்பத்திரண்டு வயதில் முழங்கால் போயிற்று. யாரும் இடிக்கவில்லை, யாரையும் அவர் இடிக்கவும் இல்லை. பின்னால் நின்ற கோல்கீப்பரைத் திட்டுவதற்காக வேகமாகத் திரும்பினார். உடம்பு திரும்பியது, ஊன்றிய கால் திரும்பவில்லை.

அடுத்த வருஷம் கம்பெனி அணியையே கலைத்துவிட்டது. ஆட்டத்துக்காகக் கொடுத்த வேலையை மட்டும் பிடுங்கவில்லை. அப்படியாக, பந்து உள்ளே அழைத்துவந்த மனிதர், பந்து வெளியே போன பிறகு, ஸ்டோர்ஸில் பேரிங் பெட்டிகளுக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்டார். எஸ்டேட்டில் அவருக்கு "ஸ்டோர்ஸ் ஆன்சன்" என்று பெயர் விழுந்தது. எத்தனையோ பட்டப்பெயர்களைச் சிரித்துக்கொண்டே சுமந்தவருக்கு, பொய்யே இல்லாத இந்தப் பெயர்தான் வலித்தது.

மகள் ரெனிதாவின் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் ஒரு படிவம் தருவார்கள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் ஆன்சன் "கால்பந்து" என்று எழுதுவார். அவர் மனைவி ஜெனிஷா பூந்தமல்லியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். எதையும் ஊசி குத்தி உறுதிசெய்துகொள்கிற தொழில்.

"கால்பந்துன்னு எழுதிக் குடுத்துக்கிறியே, எந்த டீமுன்னு மிஸ் கேட்டா புள்ள இன்னா சொல்லும்?"

"முன்னாள்னு சேத்துக்க."

"முன்னாள்னு போட்டுக்க நீ இன்னா எம்எல்ஏவா? இதுக்கு ஒரு ப்ரூஃப் காட்டு. இல்லாங்காட்டி ஸ்டோர்ஸ்னு எழுது."

ப்ரூஃப் இல்லை. ஜெனிஷா அடித்துவிட்டு "ஸ்டோர்ஸ்" என்று எழுதினார். ஆன்சனுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. அந்தப் படிவத்தில் அந்த ஒரு சொல் அடிபடாமல் இருந்தால் போதும்.

மைக் அவர் கைக்கு வந்தது ஒரு போக்குவரத்து நெரிசலால். சென்னீர்குப்பம் லீக்கை நடத்துபவர் பால்ராஜ். வாரத்தில் ஆறு நாள் தண்ணீர் கேன், ஏழாம் நாள் கால்பந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்கில் பேசுகிறவர் திருவேற்காடு கோயில் கூட்டத்தில் ஆட்டோவோடு சிக்கிக்கொண்டார். ஓரமாக உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த ஆன்சனிடம் பால்ராஜ் மைக்கை நீட்டினார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் சமாளி அண்ணாத்தே."

அந்த அஞ்சு நிமிஷம் ஏழு வருஷம் ஓடியது.

எங்கள் பக்கத்து மைதானத்தில் மைக் பிடிப்பது ஆட்டத்தை வர்ணிக்கிற வேலை மட்டும் அல்ல. கேட்டை மறித்து நிற்கும் வெள்ளை ஸ்கூட்டரை எடுக்கச் சொல்ல வேண்டும். எலுமிச்சை ஜூஸ் கொடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் வந்து காதோடு கேட்டால் இன்னொரு தரம் சொல்ல வேண்டும். காணாமல் போன சாவி, கிடைத்த செருப்பு, இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டும். ஆன்சன் இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் செய்தார். ஆனால் பழக்கம் விடவில்லை.

"ஏழாம் நம்பர் பந்தோட போறாரு... மச்சான், பின்னாடி ஆளு வர்றான், பின்னாடி! லெஃப்ட்ல போடு, லெஃப்ட்ல ஃப்ரீயா கீறான் பாரு!"

ஏழாம் நம்பர் திரும்பிப் பார்த்தான். லெஃப்டில் போட்டான். பதினோரு வருஷம் காதோரமாகக் கத்தியபோது யாரும் அசையவில்லை. இப்போது இருநூறு அடி தூரத்திலிருந்து புனல் ஸ்பீக்கரில் சொன்னால் இருபத்திரண்டு பேரும் கேட்கிறார்கள். அறிவுரைக்குப் பொருளைவிட ஒலிபெருக்கிதான் முக்கியம் என்பது ஆன்சனுக்கு அன்று விளங்கியது.

நடுவர் நடேசனுக்கு அது பிடிக்கவில்லை. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி வருவார். விசிலும் கொடியுமாக முப்பத்தைந்து வருஷம் ஓட்டிய பழக்கத்தில், விசிலுக்கு மேல் ஒரு சத்தம் இருக்கக் கூடாது என்பது அவர் மதம். ஆட்டத்தை நிறுத்திவிட்டு மைக் மேஜைக்கு வந்தார்.

"யோவ் ஆன்சன், நீ கமெண்ட்ரி பண்றியா, கோச்சிங் பண்றியா?"

"ரெண்டு டீமுக்கும்தான் சார் சொல்றேன். நான் எந்தக் கட்சியும் இல்ல."

"அதுதான்யா குத்தம். ஒருத்தனுக்குச் சொன்னா துரோகம். ரெண்டு பேருக்கும் சொன்னா ஆட்டத்தை நீயே ஆடறேன்னு அர்த்தம்."

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பதினெட்டாவது விதி வந்தது. அதன் கீழ் ஆன்சன் ஏழு வருஷத்தில் ஒன்பது மஞ்சள் அட்டை வாங்கினார். மைதானத்துக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தபடி அட்டை வாங்கியவர் வேறு யாரும் எங்கள் பக்கத்தில் இல்லை.

மைதானத்தின் வடக்கு ஓரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பியது. வெளியூரிலிருந்து வந்து ஐடியில் வேலை பார்ப்பவர்கள் நிறைய. நாலாவது மாடியில் கனிமொழி என்று ஒரு பெண். விருதுநகர்ப் பக்கம். விளையாட்டுகளை நேரடியாக ஒளிபரப்பும் ஒரு செயலியின் தமிழ்ப் பிரிவில் தயாரிப்பாளர். போன வருஷம் ஒரு ஞாயிறு மதியம், கைக்குழந்தையோடு இறங்கி நேராக மைக் மேஜைக்கு வந்தார்.

"சார், கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க. பிள்ளை தூங்க மாட்டேங்குது."

"எத்தினி மாசம்மா?"

"ரெண்டு."

ஆன்சன் மனம் இளகியது. இளகிய மனதோடு மைக்கை வாயருகே கொண்டுபோனார். "அன்பான ரசிகப் பெருமக்களே! நாலாவது மாடியில ரெண்டு மாசக் கொயந்தை தூங்குது! கோல் வுந்தா யாரும் கத்தாதீங்க, கைய மட்டும் ஆட்டுங்க!"

குழந்தை வீறிட்டது. கடைசியில் பால்ராஜ் வந்து சமாதானம் பேசினார். ஸ்பீக்கர்கள் குடியிருப்புக்கு முதுகைக் காட்டி, மைதானத்தைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையைப் பார்க்கும்படி திருப்பிக் கட்டப்பட்டன. லாரிகளுக்குத் தூக்கம் கெடுவதில் யாருக்கும் ஆட்சேபமில்லை. இந்த ஏற்பாட்டை மனதில் வையுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

புகார் சொல்ல வந்த கனிமொழி இரண்டாம் பாதி முடியும்வரை நின்று கேட்டார். போகும்போது ஆன்சனின் எண்ணை வாங்கிக்கொண்டார். ஏழு மாதம் கழித்து அழைத்தார். செயலியில் தமிழ் வர்ணனைக்கு ஆள் எடுக்கிறார்கள். மூன்று ஆட்டம் சோதனை. மேலிடத்துக்குப் பிடித்தால் நாற்பது ஆட்டத்துக்கு ஒப்பந்தம்.

ஆன்சன் அன்றைக்கு ஸ்டோர்ஸில் எண்ணிய பேரிங்குகளை மறுநாள் வேறு ஒருவர் மறுபடி எண்ண வேண்டியிருந்தது.

ஸ்டுடியோ அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே இருந்தது, அவர் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி. ஒரு பழைய பட்டறைக்குள் பஞ்சு ஒட்டிய சிறு அறை. எதிரே திரை. திரையில் எங்கோ வெளிநாட்டில் நடக்கிற ஆட்டம். பக்கத்தில் ராகவன் என்ற இளைஞர். எந்த ஆட்டக்காரர் எந்தக் காலால் எத்தனை பாஸ் கொடுத்தார் என்பதைக் கணினியைப் பார்க்காமலே சொல்வார்.

முதல் ஆட்டம். ஆன்சன் வழக்கம்போலத் தொடங்கினார். "மூணாம் நம்பர், பின்னாடி பாரு! பின்னாடி!" மூன்றாம் நம்பர் பார்க்கவில்லை. ஏழு வருஷமாக இப்படி நடந்ததில்லை. இன்னும் உரக்கச் சொன்னார். அந்த வெள்ளைக்காரர் அப்போதும் மதிக்கவில்லை. ஒரு மணி நேரம் பொறுத்தார். பிறகு, "சொல்லிக்கினே கீறேன், காதுல வாங்குறானா பாரு. போ, ஒன் இஷ்டம்" என்று இரண்டு நிமிஷம் பேச மறுத்துவிட்டார். ராகவன் பாஸ் கணக்குகளை வாசித்து நிரப்பினார். "வர்ணனையாளருக்கும் வருகை அணியின் லெஃப்ட் பேக்குக்கும் தனிப்பட்ட மனஸ்தாபம் இருப்பதாகத் தெரிகிறது" என்று மேலிடத்திலிருந்து குறிப்பு வந்தது.

இரண்டாவது ஆட்டத்துக்கு அவர் திருந்தி வந்தார். "பந்து தற்பொழுது நடுப்பகுதியில் உள்ளது. ஆட்டக்காரர்கள் முயற்சி மேற்கொண்டு வருகின்றனர்" என்று வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் தொண்ணூறு நிமிஷம். வீட்டில் கைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த ஜெனிஷா பாதியில் ஒரு செய்தி அனுப்பினார்: "யாரு செத்தாங்க?"

மூன்றாவது ஆட்டம் விதிவசமாகச் சென்னீர்குப்பத்துக்கே வந்தது. உள்ளூர் ஆட்டங்களை நேரடியாகக் காட்டிப் பார்க்கலாம் என்று செயலி முடிவெடுக்க, கனிமொழி தன் பால்கனிக்குக் கீழே நடக்கிற இறுதி ஆட்டத்தைச் சொல்லிவிட்டார். வேப்பம்பட்டு அணிக்கும் திருவேற்காடு அணிக்கும்.

ஆட்டத்துக்கு முன், வடக்கு ஓரத்தில் ஒளிபரப்புக்காகப் போட்ட கூடாரத்தில் ஆன்சனை உட்காரவைத்துச் சொன்னார். "சார், இதுவும் போச்சுன்னா மேல இருக்கறவங்ககிட்ட என்னால பேச முடியாது. இதான் கடைசி."

"தெரியும்மா."

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இது கிரவுண்ட் மைக் இல்ல. நீங்க என்ன சொன்னாலும் ஆடறவங்களுக்குக் கேக்காது. அதனால பயப்படாதீங்க. மனசுல என்ன வருதோ அப்படியே சொல்லுங்க."

ஆன்சனுக்குக் கண் கலங்கியது. பதினெட்டாவது விதி இல்லாத ஓர் உலகம் இருக்கிறது என்று அவருக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. காதை முழுக்க மூடுகிற ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தொடங்கினார்.

அதே சமயம் கூடாரத்துக்கு வெளியே, மைதானத்து மைக் மேஜை அருகே பால்ராஜ் மனம் உடைந்து நின்றார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக மைதானத்து மைக்கில் ஆள் இல்லை. ஆன்சன் பேசுவது எங்கெங்கோ இருப்பவர்களுக்குக் கேட்கும், இங்கே ஜூஸ் கொடுத்தவருக்குக் கேட்காது. "ஃபைனலுக்கு மைக் இல்லனா அது இன்னா ஃபைனலு, கருமாதி மாதிரி கீது" என்று முணுமுணுத்தார். பிறகு ஆன்சனுக்குச் செய்கிற மரியாதையாக நினைத்து ஒரு காரியம் செய்தார். தன் கைபேசியில் அந்தச் செயலியைத் திறந்து, ஒரு ஒயரை எடுத்து, அதை மைதானத்து ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டார்.

நேரடி ஒளிபரப்பு என்பது முழுக்க நேரடி அல்ல. கூடாரத்தில் பேசியது எங்கெங்கோ சுற்றிக் கைபேசிக்கு வர இருபத்தைந்து விநாடி ஆகும். பால்ராஜுக்கு அது தெரியாது. ஸ்பீக்கர்கள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததாலும் மூவர் காதும் ஹெட்ஃபோனில் மூடியிருந்ததாலும், கூடாரத்தில் இருந்த ஆன்சனுக்கோ கனிமொழிக்கோ ராகவனுக்கோ எதுவும் கேட்கவில்லை. மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது, இருபத்தைந்து விநாடி தாமதமாக.

ஆன்சன் அன்று பேசியதுபோல் என்றுமே பேசியதில்லை. "லெஃப்ட்ல போடு மச்சான், லெஃப்ட்ல!" இருபத்தைந்து விநாடி கழித்து, பந்தை வாங்கிய யாரோ ஒருவன் பழக்க தோஷத்தில் லெஃப்டில் போட்டான். அங்கே யாரும் இல்லை; பந்து வெளியே போனது. "ஷூட் பண்ணு!" என்றார். அது போய்ச் சேர்ந்தபோது பந்து வேப்பம்பட்டு பேக் ஒருவனிடம் இருந்தது. அவன் தன் கோலைப் பார்த்து நின்றிருந்தான். உதைக்கக் காலைத் தூக்கிவிட்டுக் கடைசி நொடியில் சுதாரித்தான்.

"இன்னிக்குப் பசங்களுக்கு இன்னா ஆச்சுன்னே தெரியல" என்று ஆன்சன் நேயர்களிடம் வருத்தப்பட்டார்.

நடுவர் நடேசனும் அதையேதான் ஆன்சனைப் பற்றி யோசித்தார். மத்தியானமே குடித்துவிட்டானோ? இரண்டாம் பாதித் தொடக்கத்தில் கூடாரத்தை நோக்கி ஒரு மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினார். "யாருக்கோ மஞ்சள் அட்டை. யாருக்குன்னு இங்கேருந்து தெரியல. பேசிக்கினே இருந்திருப்பான்" என்றார் ஆன்சன்.

எழுபதாவது நிமிஷம். ஒன்றுக்கு ஒன்று சமம். திருவேற்காட்டு ஃபார்வர்டு ஒருவன் வேப்பம்பட்டு கோலை நோக்கி ஓடினான். வேப்பம்பட்டு கோல்கீப்பர் சின்னப்பையன். பெயருக்குப் பொருத்தமில்லாமல் நாற்பது வயது, தொண்ணூறு கிலோ. "வெளிய வா சின்னப்பையா, வெளிய வா!" என்று ஆன்சன் கதறினார். அதற்குள் ஒரு பேக் பந்தைப் பறித்து நடுமைதானத்துக்கு அடித்துவிட்டான். அபாயம் நீங்கியது. சின்னப்பையன் கம்பத்தில் சாய்ந்து தண்ணீர் குடித்தார். அப்போதுதான் வானத்திலிருந்து கட்டளை வந்தது: வெளிய வா சின்னப்பையா, வெளிய வா! ஏழு வருஷம் அந்தக் குரலை நம்பி வாழ்ந்த மனிதர். பாட்டிலை எறிந்துவிட்டு, எதிரே யாருமே இல்லாத மைதானத்தில் முழு வேகத்தில் ஓடிவந்தார். நடுமைதானத்தில் பந்தோடு நின்ற திருவேற்காட்டுப் பையனுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகு, அவர் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டான். பந்து மூன்று குதி குதித்து வலைக்குள் போனது.

வேப்பம்பட்டுக்காரர்கள் நடேசனைச் சூழ்ந்துகொண்டார்கள். நடேசனும் அந்த ஊர்தான். ஆனால் முடிவு சொல்ல அவருக்கு ஊர் தேவைப்படவில்லை. பதினெட்டாவது விதி இருந்தது. கோல் செல்லாது என்றார். பிறகு மைதானத்தைக் குறுக்கே நடந்து கூடாரத்துக்குள் வந்தார். வழியில் ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கிப் பால்ராஜின் கையில் கொடுத்தார். ஆன்சன் எதிரே நின்று இரண்டாவது மஞ்சளைத் தூக்கினார். இரண்டு மஞ்சள் சேர்ந்தால் சிவப்பு; உடனே அதையும் தூக்கினார்.

ஆன்சன் ஹெட்ஃபோனைக் கழற்றினார். "எனக்கா?"

"உனக்குத்தான். நீ பேசினதெல்லாம் ஸ்பீக்கர்ல வந்துச்சு. காம்பௌண்டுக்கு வெளிய போ."

"சார், நீங்க யாரு இவரை அனுப்ப?" கனிமொழி எழுந்துவிட்டார். "இவரு எங்க கமெண்டேட்டர். இது லைவ். உங்களுக்கு அதிகாரமே கிடையாது."

அது உண்மை. ஒளிபரப்பாளரை வெளியேற்ற உலகத்தில் எந்த நடுவருக்கும் அதிகாரம் இல்லை. மூன்றாவது சோதனை, கடைசிச் சோதனை, இன்னும் பதினெட்டு நிமிஷம் பாக்கி. எழுந்து போனால் நாற்பது ஆட்டமும் போகும், அதோடு படிவத்தில் அந்தச் சொல்லும் போகும். இதெல்லாம் ஆன்சனுக்குத் தெரியும். ஆனால் பேச்சே பிழைப்பான அந்த மனிதர் ஒரு சொல்கூடப் பேசவில்லை. அட்டை வெளியே வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, முழங்காலைத் தாங்கித் தாங்கி, கேட்டைத் தாண்டி நடந்தார். அவர் வாழ்க்கையின் முதல் சிவப்பு அட்டை.

கனிமொழி கைபேசியோடு பின்னால் ஓடிவந்தார்.

"சார், இப்படியே போயிட்டா எல்லாம் போச்சு!"

"கார்டும்மா. உள்ள வரக் கூடாது."

"காம்பௌண்டுக்குள்ளதான வரக் கூடாது?" அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். நாலாவது மாடியில் அவர் வீட்டுப் பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. "எங்க வீடு காம்பௌண்டுக்கு வெளியதான் இருக்கு. 4பி. மேல போயி ஃபோன்ல பேசுங்க. நான் லைவ்ல இணைக்கறேன்."

லிஃப்டில் "பராமரிப்பு" என்று அட்டை தொங்கியது. ஆன்சன் அந்த அட்டையையும் மதித்தார். நாலு மாடி, ஒரு முழங்கால்.

அவர் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் ராகவன் தனியாக மாட்டிக்கொண்டார். சென்னீர்குப்பம் லீக்கைப் பற்றி எந்தப் புள்ளிவிவரமும் உலகத்தில் எங்கும் கிடையாது. இரண்டு அணிகளின் பெயர்ப் பட்டியலை மூன்று தடவை வாசித்தார். பிறகு பால்ராஜ் மேஜையில் கிடந்த சீட்டை எடுத்தார். "வெள்ளை நிற ஸ்கூட்டரின் உரிமையாளர் கேட்டருகே வரவும். எலுமிச்சை ஜூஸ் வழங்கியவர்..." என்று உலகத் தமிழர்களுக்கு அறிவித்தார்.

4பி கதவைத் திறந்தவர் கனிமொழியின் கணவர் அழகேசன். உதட்டில் விரல் வைத்தபடி திறந்தார்.

"சார், மெதுவா. அந்த ஸ்பீக்கர் இப்பதான் நின்னுச்சு. நின்னதும்தான் பிள்ளை தூங்குச்சு."

பால்கனிக்கு ஒட்டிய அறையில், கதவில்லாத திரைக்கு அந்தப் பக்கம், தொட்டில். ஆவடியிலிருந்து பூந்தமல்லிவரை ஆன்சனைவிட உரத்த குரல் கிடையாது. அவர் கைபேசியை உதட்டோடு ஒட்டிவைத்து, துணிக்கொடிக்கு நடுவே தலையை நீட்டி, கிசுகிசுத்தார்.

"வணக்கம்... ஆன்சன் பேசறேன்."

கீழே பார்த்தார். இருபது வருஷமாக இந்த ஆட்டத்தை அவர் தரையில் நின்றோ நாற்காலியில் உட்கார்ந்தோதான் பார்த்திருக்கிறார். லெஃப்ட் பேக் ஆடியவருக்கு உலகத்தில் காலியான இடமெல்லாம் இடது பக்கத்தில்தான் இருக்கும். இப்போது முழு மைதானமும் கேரம் பலகை மாதிரி விரிந்து கிடந்தது. பந்து நடுவில் வந்தது. வாய் தானாக "லெஃப்ட்ல..." என்று தொடங்கியது. லெஃப்டில் இரண்டு பேர் மறித்து நின்றார்கள். எப்போதும் அங்கே இரண்டு பேர் நின்றிருப்பார்கள் போலிருந்தது. எத்தனை பேரை அங்கே அனுப்பியிருப்போம் என்று நினைத்துப் பார்த்து, அவர் வாயை மூடிக்கொண்டார்.

"லெஃப்ட்ல வழி இல்லீங்க" என்றார் மெல்ல. "பையன் நின்னு பாக்கறான். வலது பக்கம் திருப்பறான்... அது எனக்குத் தோணியிருக்காது."

அப்படியே பத்து நிமிஷம் போயிற்று. பந்து போன திசையை மட்டும் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் கோயிலில் ரகசியம் பேசுவதுபோல் இருந்தது.

எண்பத்தெட்டாவது நிமிஷம். திருவேற்காட்டு ஃபார்வர்டு மறுபடி தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓடினான். கோலில் சின்னப்பையன் மட்டும்.

"சின்னப்பையன் யோசிக்கறார்..." ஆன்சனின் கை துணிக்கொடியை இறுக்கிப் பிடித்தது. வெளியே வா என்ற சொல்லை விழுங்கினார். "யோசிக்கறார்... வெளிய வர்றார். அவராவே வர்றார். நல்லாத்தான் வர்றார்... பையன் தூக்கிப் போடறான்... மேல போகுது... இன்னும் மேல..."

கீழே பந்து சின்னப்பையன் தலையைத் தாண்டி இறங்கியது.

"கோல்" என்றார் ஆன்சன், குழந்தைக்குக் கேட்காத குரலில்.

சின்னப்பையன் செய்தது சரி. ஆன்சன் கத்தியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். சரியான யோசனைக்கும் கோல் விழும் என்பது அவருக்குப் புதிய செய்தி. தோற்ற வேப்பம்பட்டுக்காரர்கள் இந்தத் தடவை யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

இறுதி விசில் அடித்தது. மைதானம் கூச்சலிட்டது, வெடி வெடித்தது, தொட்டில் அசையவில்லை. ஆன்சன் நன்றி சொல்லி அழைப்பைத் துண்டித்தார். பேச்சு நின்றதும் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

"இன்னும் கொஞ்சம் பேசிருக்கலாம் சார்" என்றார் அழகேசன்.

மேலிடத்திலிருந்து நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. முதல் எழுபத்திரண்டு நிமிஷத்தைப் பற்றி அவர்கள் பேச விரும்பவில்லை. கடைசிப் பகுதியில் கையாண்ட "தாழ்ந்த குரல் உத்தி" பிடித்திருக்கிறது. நாற்பது ஆட்டம். நிபந்தனை ஒன்று: குரல் அப்படியே இருக்க வேண்டும். கத்திப் பேர் வாங்கியவருக்குக் கத்தாமல் இருப்பதற்கு வேலை கிடைத்தது. இப்போதெல்லாம் வீட்டில் பழகுகிறார். "இன்னா சொல்ற, காதுல வுழல, சத்தமா பேசு" என்று ஜெனிஷா அதட்டுகிறார். பதினைந்து வருஷத் தாம்பத்தியத்தில் அந்த வாக்கியத்தை அவர் இதுவரை பயன்படுத்தியதில்லை.

ஒப்பந்தத்தின் காகிதம் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். பள்ளிக்கூடப் படிவம் அதற்கு முன்னால் வந்துவிட்டது. ஜெனிஷா பேனாவோடு உட்கார்ந்தார்.

"ப்ரூஃப்?"

ஆன்சன் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து வைத்தார். லீக் கமிட்டியின் அச்சடித்த படிவம். நடேசன் தன் கையால் நிரப்பியிருந்தார். "ஆட்டக்காரர் பெயர்: ஆன்சன். குற்றம்: பந்து போகவேண்டிய திசையைச் சொன்னது, இருபத்தைந்து விநாடி தாமதமாக. தண்டனை: ஒரு ஆட்டம் நீக்கம்."

ஜெனிஷா இரண்டு தரம் படித்தார். "ஆட்டக்காரர் பெயர்" என்று அச்சில் இருந்த இடத்தில் விரல் நின்றது. பிறகு படிவத்தில் "கால்பந்து" என்று எழுதினார். அடிக்கவில்லை.

அந்த ஞாயிறு சென்னீர்குப்பத்தில் புதிய லீக்கின் முதல் ஆட்டம். ஆன்சன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, காம்பௌண்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் திடீரென்று கூச்சல் எழுந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கேட்டார்: "இன்னா அண்ணாத்தே, கோலா? பந்து யார்கிட்ட கீது?"

ஆன்சன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னைக் கேக்காத நைனா. நான் சஸ்பென்ஷன்ல கீறேன்."